சலுகை யாருடைய பெயரில் வருகிறது: வெள்ளவத்தை வீடொன்றின் சோலர் கணக்கு, 2021–2025

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஓர் ஒழுங்கையில் நடந்த விஷயம் இது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர்கள் இல்லை. நான் கணக்காளன். இவர்களுக்கு ஆலோசனை சொன்னவனும் நான்தான், சில இடங்களில் பிழை விட்டவனும் நான்தான். சோலர் பொருத்த நினைக்கும் பல குடும்பங்கள் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்வி: “அரசாங்கம் எவ்வளவு தரும்?” அந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடியாது என்பதை இந்த ஒரு வீட்டின் நான்கு வருடக் கணக்கு காட்டும் என்று நம்புகிறேன்.

## வீடும் ஆட்களும்

வீட்டுக்காரி ஓய்வுபெற்ற அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. 2022இல் அவருக்கு 68 வயது. ஏழாம் வகுப்பில் எனக்குக் கணிதம் படிப்பித்தவர், இன்றைக்கும் எனக்கு அவர் ரீச்சர்தான். கணவர் 2017இல் இறந்துவிட்டார். வீட்டு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், ரீச்சரின் பெயரில் இருக்கிறது. மின்கணக்கு மட்டும் இறந்த கணவரின் பெயரிலேயே தொடர்ந்து வந்தது. மாதாமாதம் பில் வருகிறது, கட்டுகிறோம், பெயர் யாருடையதாக இருந்தால் என்ன என்று எல்லா வீடுகளிலும் விடுவதுபோல விட்டுவிட்டார்கள்.

மகன் தனியார் நிறுவனமொன்றில் வேலை, மாதம் 2,25,000 ரூபா. மனைவி, இரண்டு பிள்ளைகள், எல்லாரும் ஒரே வீட்டில். மகள் அமெரிக்காவில் நியூ ஜேர்சியில். வளவின் பின்பக்கத்து அறையில் தையல் வேலை செய்யும் வயதான அம்மா ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். அவருக்குத் தனி மீற்றர். இந்தத் தையல் அம்மாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் அவருக்கும் இடம் இருக்கிறது.

பெரிய வீட்டின் பாவனை மாதம் 320 அலகு அளவில் இருந்தது. 2021இல் இருந்த கட்டணத்தில் முதல் 60 அலகு 7.85 ரூபா, 180க்கு மேல் போனால் 45 ரூபா. எல்லாம் கூட்டினால் நிலையான கட்டணத்தோடு 10,360 ரூபா அளவில் வரும். பின்னறையில் 28 அலகு. 30 அலகுக்குள் இருப்பவர்களுக்கு அலகு 2.50 ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா. ஆக மொத்தம் 100 ரூபா.

நூறு ரூபாவுக்கு ஒரு மாத மின்சாரம் உற்பத்தி செய்ய முடியாது. அந்தப் பணத்தின் மிச்சத்தை வேறு யாரோ கட்டினார்கள் என்பதுதான் அதன் பொருள்.

## 2022: மறைந்திருந்த மானியம்

எரிபொருள் மானியம் என்றால் ஏதோ ஒரு காசோலை வீட்டுக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையில் அது பெரும்பாலும் விலைக்குள்ளே ஒளிந்திருந்தது. நுரைச்சோலையில் நிலக்கரி, களனிதிஸ்ஸ போன்ற இடங்களில் எண்ணெய், இரண்டும் டொலர் கொடுத்து இறக்குமதி செய்பவை. மழை குறைந்த ஆண்டுகளில் அவற்றின் பங்கு இன்னும் கூடும். அப்படியிருந்தும் ஒன்பது வருடங்கள் மின்கட்டணம் உயர்த்தப்படவில்லை. பெற்றோல், டீசலுக்கு 2018 மே மாதம் ஒரு விலைச் சூத்திரம் வந்தது, அது நீடிக்கவில்லை. விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் இடையிலிருந்த பள்ளம் அரச நிறுவனங்களின் நட்டமாகவும், அரச வங்கிகளின் கடனாகவும் சேர்ந்துகொண்டே போனது.

டொலர் தீர்ந்தபோது எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. 2022 தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் ஜூன் முடிவில் 460 ரூபா. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஓகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது. அதே மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் மறுபடியும் 66 சதவீதம் கூடியது.

பெரிய வீட்டின் 320 அலகுக்கான பில் 2023 பெப்ரவரிக் கட்டணத்தில் 20,780 ரூபா. 2021ஐ விட இரண்டு மடங்கு. தையல் அம்மாவின் 28 அலகு? அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1,240 ரூபா. பன்னிரண்டு மடங்குக்கு மேல். மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மானியம் பிழை, விலை செலவைக் காட்ட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. ஆனால் அந்த மானியம் ஒரே இரவில் எடுக்கப்பட்டபோது 320 அலகு பாவித்த வீடு இரண்டு மடங்கு கட்டியது, 28 அலகு பாவித்த அறை பன்னிரண்டு மடங்கு கட்டியது. ஜூலை 2023இல் கீழ்ப்படிகளின், அதாவது குறைந்த அலகு பாவிப்பவர்களின், கட்டணம் குறைக்கப்பட்டது உண்மைதான். அதற்கு முந்திய மாதங்களில் அந்த அம்மா இரவில் தைப்பதை நிறுத்திவிட்டார். பகல் வெளிச்சத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான்.

## 2022 டிசம்பர்: முதல் ஆலோசனை

மகன் என்னிடம் முதலில் வந்தது அப்போது. கையில் 5 கிலோவாற் சோலருக்கான விலைமனு, 17.5 இலட்சம் ரூபா. கூடவே இரண்டு நம்பிக்கைகளைக் கொண்டு வந்திருந்தார்.

ஒன்று தங்கை சொன்னது. அமெரிக்காவில் வீட்டுக்குச் சோலர் போட்டால் செலவில் 30 சதவீதத்தை வரியில் கழித்துவிடலாம். 2022 ஓகஸ்டில் அங்கே வந்த சட்டம் அதை 2032 வரை நீடித்திருந்தது. “எங்கட நாட்டிலயும் அப்பிடி ஒண்டு இருக்காம் அண்ணை, ஆறு இலட்சம் திருப்பித் தருவாங்களாம்” என்றார். இது இரண்டாவது நம்பிக்கை.

இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல், தன் இடத்தில் பொருத்தித் தேசிய மின்வலையமைப்போடு இணைக்கும் சோலர் தகடுகளுக்கு ஒருவர் செய்யும் செலவு, அல்லது அதற்காக எடுத்த வங்கிக் கடனுக்குக் கட்டும் பணம், ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபா வரை வருமான வரி நிவாரணமாகக் கோரலாம். ஆனால் அது வருமானத்திலிருந்து கழிக்கப்படும் தொகை. வரியிலிருந்து கழிக்கப்படுவது அல்ல.

இந்த வித்தியாசத்தை அவருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அமெரிக்க முறையில் 10 ரூபா செலவுக்கு 3 ரூபா வரி குறையும், கட்ட வேண்டிய வரி அவ்வளவு இருந்தால் போதும். எங்கள் முறையில் 10 ரூபா செலவுக்கு எவ்வளவு வரி குறையும் என்பது, நீங்கள் எந்த வரிப்படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 36 சதவீதப் படியில் நிற்பவருக்கு 6 இலட்சம் நிவாரணத்தால் 2,16,000 ரூபா மிச்சம். வரியே கட்டாதவருக்குச் சதம்கூட இல்லை.

அந்த டிசம்பரில் மகன் வரியே கட்டாதவர். அப்போது தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 30 இலட்சம், அவருடைய வருமானம் 27 இலட்சம். அதாவது நிவாரணம் சட்டத்தில் வந்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகியும், அவர் கணக்கில் அதன் பெறுமதி பூச்சியம்.

கடன் வட்டி அந்த நேரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ரூபா 200இலிருந்து 360க்கு விழுந்த பிறகு போட்ட விலைமனு அது. மறுபக்கத்தில், கூரைச் சோலரிலிருந்து வாங்கும் ஓர் அலகுக்கு 37 ரூபா என்று புதிய விலை வந்திருந்தது. 2016இல் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கியபோது அது முதல் ஏழு வருடங்களுக்கு 22 ரூபா, பிறகு 15.50 ரூபா. 37 ரூபா நல்ல விலைதான். ஆனால் அந்த வட்டியில் கடனின் தவணை, வருகிற பயனை விழுங்கிவிடும்.

பொறுங்கள் என்றேன். 37 ரூபா நிற்குமா என்று கேட்டார். தெரியாது என்று நேரே சொன்னேன்.

## 2023: வரி வந்தது, நிவாரணம் உயிர்பெற்றது

2023 ஜனவரி 1 முதல் தனிநபர் நிவாரணம் 12 இலட்சமாகக் குறைந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18 என்று ஏறிப் போய் 36 சதவீதம் வரை. மகனின் வரி விதிக்கத்தக்க வருமானம் 15 இலட்சம், ஆண்டு வரி 1,80,000 ரூபா. முதன்முறையாகச் சம்பளத்தில் வரி பிடித்தார்கள். அந்த வருத்தத்தோடுதான் அவர் 2023 நவம்பரில் மறுபடி வந்தார்.

நிலைமை மாறியிருந்தது. ரூபா கொஞ்சம் நிமிர்ந்திருந்தது, தகடுகளின் விலை இறங்கியிருந்தது. அதே 5 கிலோவாற்றுக்கு 11.4 இலட்சம். வட்டி 15 சதவீதம். 37 ரூபா இன்னும் இருந்தது. சரி, இப்போது செய்யலாம் என்று முடிவெடுத்தோம்.

## எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் வந்த கேள்வி, யார் செலவழிப்பது என்பது. ரீச்சருக்கு இருப்பது அரச ஓய்வூதியம், அதற்கு வரி இல்லை. வாடகையும் வட்டியும் சேர்ந்தாலும் 12 இலட்சத்தை எட்டாது. அவர் தன் சேமிப்பில் செலவழித்தால் நிவாரணம் வீண். மகன் செலவழித்தால் பயன் உண்டு. ஆனால் சட்டம் ‘தன் இடம்’ என்கிறது, உறுதியோ அம்மாவின் பெயரில்.

மகன் ஒரு யோசனை சொன்னார். அம்மா சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு வீட்டை நன்கொடை உறுதியாகத் தன் பெயருக்கு எழுதித் தரலாம் என்று. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் கடுமையாக மறுத்தேன். ஒரு இலட்சம் ரூபா வரி மிச்சத்துக்காக ஒரு தாயின் உறுதியில் கைவைக்கக் கூடாது. வெளிநாட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறது. வரிச் சலுகை அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் மாறும். மாற்றி எழுதிய உறுதியைத் திருப்பி எழுதுவது அவ்வளவு லேசில்லை. வெள்ளவத்தையில் இப்படி எழுதிவிட்டு மனம் நொந்து இருக்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் செய்தது இது. உறுதியைத் தொடவில்லை. அம்மாவின் சம்மதக் கடிதத்தோடு மின்கணக்கை மகனின் பெயருக்கு மாற்றினோம். கடன், ஒப்பந்தம், பற்றுச்சீட்டு எல்லாம் மகனின் பெயரில். அவர் அந்த வீட்டில்தான் வசிக்கிறார் என்பதற்கான ஆதாரங்களைக் கோப்பில் வைத்தோம். வரி அறிக்கையோடு நிலைமையை ஒளிக்காமல் விளக்கும் கடிதமொன்றையும் கொடுப்பது என்று தீர்மானித்தோம்.

அடுத்தது காலம். மதிப்பீட்டாண்டு, அதாவது வரிக் கணக்குக்கான ஆண்டு, மார்ச் 31இல் முடிகிறது. கைக்காசாக 5.4 இலட்சத்தை மார்ச்சுக்கு முன்பு கட்டி, மிச்சம் 6 இலட்சத்தை நான்கு வருடக் கடனாக எடுத்து, தவணை ஏப்ரலில் தொடங்கும்படி வைத்தோம். அப்படியானால் கைக்காசு 2023/24இலும் தவணைகள் பிந்திய ஆண்டுகளிலும் விழும். வங்கி கொடுத்த 6 இலட்சத்தைச் செலவாகவும் காட்டி, பிறகு அதன் தவணையையும் காட்டினால் ஒரே பணத்தை இருமுறை கோருவதாகிவிடும். சிலர் அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மூன்றாவது, எந்தத் திட்டம் என்பது. நெற் மீற்றரிங்கில் மிஞ்சும் அலகுகள் வரவில் இருக்குமே தவிர காசு வராது. நெற் அக்கவுண்டிங்கில் வீட்டுப் பாவனை போக மிச்சத்துக்குக் காசு. நெற் பிளஸில் உற்பத்தி முழுவதையும் விற்று, பாவிப்பதற்குத் தனியாகப் பில் கட்டுவது. அப்போதைய கட்டணத்தில் அவர்கள் வாங்கும் அலகின் சராசரி 50 ரூபாவுக்கு மேல். 50 ரூபா அலகைத் தவிர்ப்பது, அதை 37க்கு விற்பதை விட நல்லது. ஆகவே நெற் அக்கவுண்டிங். இந்தக் கணக்கை ஒரு நாள் விலையை வைத்தே போட்டேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கடைசி முடிவு பின்னறையைப் பற்றியது. மகன் நல்ல மனதோடு, “மிச்சக் கரண்ட் இருக்கும்தானே, அந்த அம்மாவின்ர லைனையும் எங்கட மீற்றரோட சேர்த்திடுவம்” என்றார். வேண்டாம் என்றேன். அவருடைய சலுகை அவருடைய மீற்றரில் இருக்கிறது. 30 அலகுக்குள் தனியாக நிற்கும்வரைதான் கீழ்ப்படி விலை. பெரிய வீட்டோடு சேர்ந்தால் அந்த 28 அலகும் 37 ரூபாவுக்கு விற்கக்கூடிய அலகாக மாறிவிடும், நாளை யாராவது அதைக் கணக்குப் பார்ப்பார்கள். மின்விநியோக விதிகளிலும் சிக்கல் வரும். ரீச்சர் வேறு வழி கண்டார். அறை வாடகையில் மாதம் ஆயிரம் ரூபா குறைத்துக்கொண்டார்.

## 2024: பொருத்தியதும் நடந்த பிழையும்

பெப்ரவரியில் வேலை தொடங்கியது. பழைய அஸ்பெஸ்டஸ் கூரையில் இரண்டு சீற் மாற்ற வேண்டியிருந்தது. கடலுக்குக் கிட்ட என்பதால் அலுமினியச் சட்டமும் கறள் பிடிக்காத ஆணிகளும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கினோம். மார்ச்சில் இணைப்புக் கிடைத்தது. ஒப்பந்தம் 20 வருடத்துக்கு, அலகு 37 ரூபா.

பிழை வேறிடத்தில். முற்பணமாக 1 இலட்சத்தை, மின்கணக்கின் பெயர் மாறுவதற்கு முன்பே, ரீச்சர் தன் கையால் காசாகக் கொடுத்துவிட்டார். பொருத்திய நிறுவனம் மின்பில்லில் இருந்த பெயரைப் பார்த்துப் பற்றுச்சீட்டு எழுதியது. இறந்த கணவரின் பெயருக்கு. அந்தத் தாளை நான் பார்த்தது ஒக்டோபரில், வரி அறிக்கைக்கு ஆவணம் சேர்க்கும்போது. பெயரை மாற்றி எழுதித் தரச் சொல்லலாமே என்று மகன் கேட்டார். காசு கொடுத்தது அவர் அல்லவே. பற்றுச்சீட்டில் பெயரை மாற்றினாலும் உண்மை மாறாது. அந்த ஒரு இலட்சத்தை விட்டுவிட்டோம்.

அதனால் 2023/24க்குக் கோரிய தொகை 5.4 அல்ல, 4.4 இலட்சம். முழுவதும் 18 சதவீதப் படியில் விழுந்ததால் மிச்சமான வரி 79,200 ரூபா. ஒரு இலட்சத்தைத் தவறவிட்டதால் இழந்தது 15,600 ரூபா. முதல் நாளே “யாரும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், பெயர் மாறட்டும்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரியில் இந்த நிவாரணம் சேராது. அறிக்கை சமர்ப்பித்து, கூடக் கட்டியதைத் திருப்பிக் கேட்க வேண்டும். நவம்பர் 30 கடைசி நாள். கேள்விகள் வந்தன, கோப்பில் இருந்ததைக் கொடுத்தோம், பணம் கிடைத்தது. “ஆறு இலட்சம் திருப்பித் தருவார்கள்” என்று தொடங்கிய கதை 79,200இல் வந்து நின்றது. அவர் ஏமாற்றமடைந்தார் என்று சொல்ல முடியாது, இரண்டு வருடமாக நான் அந்த எண்ணை அவர் மனதில் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டுதான் வந்தேன்.

மாதப் பயன் நன்றாக இருந்தது. உற்பத்தி சராசரியாக 580 அலகு. பாவனை 320 போக 260 அலகுக்கு 9,620 ரூபா கையில். தவிர்த்த பில் 2024 மார்ச் கட்டணத்தில் நிலையான கட்டணம் சேர்க்காமலே 17,400 ரூபா. கடன் தவணை 16,700. 2024இன் நடுப்பகுதியில், 20 கிலோவாற் வரையான புதிய கூரைகளுக்கு விலை சுமார் 27 ரூபாவாகக் குறைந்தது. அதே ஒழுங்கையில் “நீங்கள் போடுங்கோ, பார்த்திட்டு நாங்களும் போடுறம்” என்று இருந்த இரண்டு வீடுகள் அந்த விலையில் மாட்டின. நாங்கள் 37இல் ஒப்பமிட்டது என் கெட்டித்தனம் அல்ல. நான் பொறுக்கச் சொன்னது வட்டிக்காக, அந்த 37 ரூபா விலை போவதற்குள் வட்டி இறங்கியது நல்லூழ்.

## 2025: எல்லாக் கணக்கும் மறுபடி

2025 ஜனவரியில் மின்கட்டணம் 20 சதவீதம் குறைந்தது. நாட்டுக்கு நல்ல செய்தி. தையல் அம்மாவின் அலகு 4 ரூபாவுக்கு வந்தது, இரவுத் தையல் திரும்பவும் தொடங்கியது. 2024 ஜூலையில் வந்த குறைப்பும் இதுவும் சேர்ந்து, பெரிய வீட்டில் தவிர்த்த பில்லின் பெறுமதி 17,400இலிருந்து 10,940 ரூபாவாக இறங்கியது. ஓர் அலகுக்குச் சராசரி 34 ரூபா. அதாவது இப்போது நெற் பிளஸில் எல்லாவற்றையும் 37க்கு விற்று, 34க்கு வாங்கியிருந்தால் லாபம் கூடியிருக்கும். ஜூனில் கட்டணம் 15 சதவீதம் ஏறியதும் சராசரி 40 ரூபாவைத் தாண்டி, எங்கள் தெரிவு மறுபடியும் சரியாகிவிட்டது. ஒரே வருடத்தில் இரண்டு தடவை விடை புரண்டது. ஒரு நாள் கட்டணத்தை வைத்து 20 வருட ஒப்பந்தத்துக்குத் திட்டத்தைத் தெரிவு செய்தேன் என்று நான் சொன்னது இதைத்தான்.

பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்றால் ஏற்பட்ட கோளாறில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. காலை பதினொரு மணி கடந்த நேரம், கூரையில் நல்ல வெயில். ரீச்சர் எனக்கு அழைத்தார். “ஏன் தம்பி, இவ்வளவு வெயில் எறிக்குது, பதினொரு இலட்சம் போட்டும் எங்கட வீட்டில ஃபேன் சுத்தேல்லையே?” வலையமைப்பில் மின்சாரம் இல்லாவிட்டால், கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக இன்வேட்டர் தானாக நின்றுவிடும். பற்றரி இல்லாத எல்லா வீடுகளிலும் இதே நிலைதான். இதை மகனுக்குச் சொல்லியிருந்தேன். ரீச்சருக்கு யாரும் சொல்லவில்லை. 2022இன் 13 மணித்தியால இருட்டில் தவித்தவர் அவர், சோலருக்குச் சம்மதித்ததே இனி அப்படி வராது என்ற நம்பிக்கையில்தான். அந்த அழைப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. தொழிற்சாலைகள் மூடியிருந்ததால் பகல் தேவை மிகக் குறைவு. ஏப்ரல் 13 முதல் 21 வரை பகலில் கூரைச் சோலரை விரும்பி நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. மகன் நிறுத்தினார். இழப்பு ஐயாயிரம் ரூபாவுக்கு மேல். ஒப்பந்தம் அலகுக்கு விலை சொல்கிறது, எத்தனை அலகு எடுப்போம் என்று சொல்லவில்லை. இதையும் நான் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை.

வரிப் பக்கம் இன்னொரு திருப்பம். 2024/25இல் கட்டிய தவணைகள் 2,00,400 ரூபா, 18 சதவீதப் படியில் சுமார் 36,000 ரூபா மிச்சம். 2025 ஏப்ரலில் தனிநபர் நிவாரணம் 18 இலட்சமாக உயர்ந்தது, அடுத்த 10 இலட்சத்துக்கு வெறும் 6 சதவீதம். மகனுக்கு வரி நன்றாகக் குறைந்தது. அதே 2,00,400 ரூபாத் தவணை இனி மிச்சப்படுத்துவது 12,000 ரூபா மட்டும். யாரும் சோலர் நிவாரணத்தில் கைவைக்கவில்லை, சட்டத்தில் அதே 6 இலட்சம்தான் இருக்கிறது. அவர் நிற்கும் படி கீழே வந்தது, அவ்வளவுதான்.

நியூ ஜேர்சித் தங்கைக்கும் இதே ஆண்டில் பாடம் கிடைத்தது. 2032 வரை என்று சொன்ன 30 சதவீதச் சலுகை, 2025 ஜூலை 4இல் கையொப்பமான சட்டத்தால் அந்த டிசம்பர் 31க்குப் பிறகு செய்யும் செலவுகளுக்கு இல்லை என்றாகிவிட்டது. அவர் 2026இல் கூரை திருத்தி அதோடு சோலர் போட இருந்தவர். அதே நாட்டில் எண்ணெய்க் கிணறுகளுக்கான சதவீதத் தேய்மானக் கழிவு, அதாவது கிணற்றின் வருமானத்தில் ஒரு சதவீதத்தை வரிக்கு முன்பே கழிக்க விடும் சலுகை, 1926இல் வந்தது. அதற்கு முடிவுத் திகதி எதுவும் எழுதப்படவில்லை, நூற்றாண்டை எட்டிவிட்டது. புதிய எரிசக்திக்குக் கொடுப்பது தவணைக்காலம் போட்ட சலுகை, பழைய எரிபொருளுக்குக் கொடுப்பது நிரந்தரப் பழக்கம் என்ற இந்த வேறுபாடு எனக்குக் கோபத்தையே தருகிறது. இலங்கையில் பழைய மானியம் விலைக்குள் இருந்ததால் அதை எதிர்த்துப் பேசக்கூட ஆளில்லை. 2021இல் 10,360 ரூபா பில் கட்டிய குடும்பத்துக்குச் சோலர் வேண்டியிருக்கவில்லை என்றால், காரணம் அந்த மறைவான விலைதான்.

## இன்றைக்கு என்றால் எப்படிச் செய்வேன்

முதல் சந்திப்பிலேயே உறுதி, மின்கணக்கு, வங்கிக் கணக்கு, வரி இலக்கம் நான்கையும் மேசையில் வைக்கச் சொல்வேன். நான்கிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் விலைமனு. மின்கணக்கின் பெயர் மாறும்வரை முற்பணம் இல்லை, காசாகக் கொடுப்பது அறவே இல்லை.

வரி நிவாரணத்தைத் திருப்பிப் பெறும் காலக் கணக்கில் சேர்க்க மாட்டேன். இந்த வீட்டில் அது ஒரே செலவுக்கு 18 சதவீதமாகவும் 6 சதவீதமாகவும் இருந்தது, அதற்கு முன்பு பூச்சியமாக இருந்தது. கிடைத்தால் கூரைத் திருத்தத்துக்கு ஒதுக்கலாம். எழுத்தில் இருக்கும் ஒப்பந்த விலையையும், இன்றைய கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, அதிலும் தவணை கட்ட முடியுமா என்று பார்ப்பேன். இந்த வீடு 2025 ஜனவரியில் அந்தச் சோதனையைத் தாண்டியது. 10,940உம் 9,620உம் சேர்ந்து தவணையை விடக் கூடவே இருந்தது.

நெற் பிளஸா அக்கவுண்டிங்கா என்பதைக் கடந்த நான்கைந்து கட்டண மாற்றங்களிலும் ஓட்டிப் பார்ப்பேன். புதிதாக ஒப்பமிடுபவர்களுக்குக் கிடைக்கும் விலை 37ஐ விட வெகுவாகக் கீழே இருப்பதால், அவர்கள் விற்பதற்காகப் பெரிதாகப் போடுவதை விடத் தங்கள் பகல் பாவனைக்கு அளவாகப் போடுவது நல்லது என்பது என் கருத்து. மின்வெட்டு நேரத்தில் வெளிச்சம் வேண்டுமா என்பதை வீட்டில் வயதில் மூத்தவரிடம் நேரில் கேட்பேன். வேண்டுமென்றால் பற்றரியின் விலையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தையல் அம்மாவுக்கு இந்தத் திட்டங்கள் எதிலும் இடம் இல்லை. கூரை அவருடையதல்ல, வரி கட்டும் வருமானம் இல்லை, கடன் கிடைக்காது. அவருக்கு இருப்பது 30 அலகுக்குள் வரும் அந்தக் கீழ்ப்படி விலை மட்டும். கட்டணத் திருத்தம் பற்றிப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது, அவருடைய 2021, 2023 பில்களின் பிரதிகளை வைத்து ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அவர் தமிழில் கையொப்பமிட்டார்.

கடன் 2028 மார்ச்சில் முடிகிறது, ஒப்பந்தம் 2044 மார்ச்சில். இரண்டின் பிரதியும் சம்மதக் கடிதமும் ரீச்சரின் அலுமாரியில், வீட்டு உறுதி வைத்திருக்கும் அதே தட்டில் இருக்கின்றன. உறுதி இன்னும் அவருடைய பெயரில்தான் இருக்கிறது.